தலைக்குள் கட்டி – யார் செய்த குற்றம்?

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (இயற்பியல்)

ஒருவருக்கு நோய் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எப்படி இருக்கிறார்?" என்பதன்று; "எதனால் வந்தது?" என்பதே. சர்க்கரை நோய் என்றால் இனிப்பைத் தின்றிருப்பார் என்கிறோம். ஈரல் கெட்டது என்றால் குடித்திருப்பார் என்கிறோம். காரணத்தை அறிய விரும்புவது தவறன்று. அறிவியலே அந்த விருப்பத்தில் பிறந்ததுதான். ஆனால், காரணத்தைத் தேடுவது வேறு. குற்றவாளியைத் தேடுவது வேறு. காரணத்தைத் தேடுபவன் உண்மை கிடைக்கும்வரை பொறுத்திருப்பான். குற்றவாளியைத் தேடுபவனுக்குப் பொறுமை இராது. கைக்கு எட்டியவரைப் பிடித்துக்கொள்வான். கைக்கு எட்டியவர் பெரும்பாலும் நோயாளியாகவே இருக்கிறார்!

இந்த வேறுபாட்டை நன்கு காட்டும் நோய் ஒன்று உண்டு. அது மூளையில் தோன்றும் புற்றல்லாத கட்டி. அது ஏன் வருகிறது, வராமல் தடுக்க வழியுண்டா என்பவற்றைப் பற்றி நான் படித்தறிந்தவற்றையும், அவற்றிலிருந்து எனக்கு உண்டான கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். என் கருத்தைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: இக்கட்டிக்கு நாம் ஊரில் கூறும் காரணங்களுக்குச் சான்று இல்லை, சான்றுள்ள காரணங்களை நாம் கேட்பதே இல்லை, காரணம் புலப்படாத இடத்தில் நோயாளியின்மீது பழிசுமத்த நமக்கு எவ்வித உரிமையும் இல்லை.

கட்டி வேறு, புற்று வேறு

மூளைக் கட்டி என்றவுடன் புற்றுநோய் என்றே பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். இது சரியன்று. புற்றுநோய்ச் செல்கள் அண்டையிலுள்ள திசுக்களுக்குள் ஊடுருவிப் பரவும். புற்றல்லாத கட்டியோ பெரும்பாலும் தன் எல்லைக்குள் நின்று மெல்ல வளரும். மூளையைச் சுற்றியுள்ள உறைகளிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா, செவி நரம்பின் உறையிலிருந்து வளரும் ஷ்வான்னோமா, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் அடினோமா ஆகிய மூன்றும் இவ்வகையில் முதன்மையானவை. மெனிஞ்சியோமா என்னும் பெயரை 1922இல் வழங்கியவர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் ஆவார். இக்கட்டி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கு மேல் காணப்படுகிறது.

புற்றல்லாத கட்டி என்பதால் தீங்கற்ற கட்டி என்று எண்ணிவிடலாகாது. வயிற்றில் ஓர் எலுமிச்சையளவு கட்டி வளர்ந்தால் வயிறு இடம் கொடுக்கும். மண்டையோடு அப்படி இடம் கொடுக்காது. அது மூடிய எலும்புப் பெட்டி. அதனுள் புதிதாக ஒரு பொருள் நுழைந்தால், ஏற்கெனவே இருக்கும் ஒன்று நசுங்கியே ஆகவேண்டும். பார்வை நரம்பு நசுங்கினால் பார்வை போகும். செவி நரம்பு நசுங்கினால் செவி கேளாது. இக்கட்டியின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றே: அது மெல்ல வளர்கிறது. மெல்ல வளர்வதால் மருத்துவம் செய்யக் காலம் கிடைக்கிறது. மெல்ல வளர்வதாலேயே நாம் அந்தக் காலத்தை வீணாக்கிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் எழுந்த வினா

இதை நான் நூலில் மட்டும் படித்தறியவில்லை. என் பெரியம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். சில ஆண்டுகளாக அவருக்கு அடிக்கடி தலைவலி. பித்தம் என்றார்கள், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு வலக்கண் மங்கத் தொடங்கியது. வயதாகிறது என்று இருமுறை கண்ணாடியை மாற்றினார். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவார். அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் கண் மருத்துவர் கண்ணின் உட்புறத்தை ஆராய்ந்துவிட்டு, "இது கண்ணாடியால் தீரும் குறையன்று" என்று கூறி ஸ்கேன் எடுக்க அனுப்பினார். மெனிஞ்சியோமா என்று தெரிந்தது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் கையிலிருந்து பெரும்பணம் செலவாகாமல் அறுவை நடந்தது. உயிர் பிழைத்தது, இடக்கண் பிழைத்தது, வலக்கண்ணின் பார்வை திரும்பவில்லை.

அறுவையினும் கொடியது அதற்குப் பின் வந்த விசாரணை. "எந்நேரமும் போனைக் காதில் வைத்திருந்தாளே, வராமல் என்ன செய்யும்?" என்றார் ஒருவர். திருப்பூரில் வாழும் மகளோடு நாள்தோறும் பேசியதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஈரத் தலையோடு கூந்தலை முடிந்ததால் நீர் கோத்துக் கட்டியாயிற்று என்றார் மற்றொருவர். செய்வினை என்றனர் சிலர். முற்பிறவிப் பாவம் என்றும் சொல்லக் கேட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வங்கிப் படிவமாயினும், மருத்துவமனைச் சீட்டாயினும், ஆங்கிலத்தில் வரும் எந்தத் தாளாயினும் என் கைக்கே வரும். பெரியம்மாவின் ஆய்வறிக்கையும் வந்தது. அதை நான் அகராதியின் துணையோடு படித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "நீதான் காலேஜுல படிக்கிற புள்ள. சொல்லு பாப்பா, நான் என்ன செஞ்சதால இது எனக்கு வந்துச்சு?"

அவர் கேட்டது அறிவியல் வினாவா, தீர்ப்பு வேண்டும் வினாவா? இரண்டும்தான். அதற்கு விடை தேடிப் புறப்பட்டபோதுதான் கீழ்க்காணும் செய்திகள் எனக்குக் கிட்டின.

செல்பேசியின்மீது பழி

முதற் குற்றவாளியாக நிறுத்தப்பட்டது செல்பேசி. இயற்பியல் மாணவியாகிய எனக்கு இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. நம் நாட்டில் செல்பேசிக்குப் பயன்படும் அலைவரிசைகளுள் ஒன்று 1800 மெகா ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் ஓர் ஒளித்துகளின் ஆற்றல் கிடைக்கும். அது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு அளவே ஆகும். ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கவோ சுமார் பத்து எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதாவது, தேவைப்படும் ஆற்றல் இருக்கும் ஆற்றலைப்போல் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல்!

சிறிது சிறிதாகச் சேர்ந்தால் பெரிதாகிவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் ஐன்ஸ்டைன் 1905இல் ஒளிமின் விளைவுக்குத் தந்த விளக்கம் நமக்குக் கைகொடுக்கிறது. பத்தடிச் சுவரை, ஓரங்குலம் மட்டுமே தாவும் தவளை தாண்ட முடியாது. அத்தகைய தவளைகள் ஆயிரம் சேர்ந்தாலும் தாண்ட முடியாது. செல்பேசி அலை திசுவைச் சிறிதளவு வெப்பமாக்கும். எக்ஸ்ரே செய்வதைப்போல மரபுப் பொருளின் அணுக்களை அயனியாக்கிச் சிதைக்காது.

கணக்கு மட்டும் போதாது. மனிதரிடமும் பார்க்கவேண்டும் என்பதே அறிவியலின் நெறி. இங்கிலாந்தில் சுமார் 7.76 இலட்சம் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியாயிற்று. செல்பேசி பயன்படுத்தியோருக்கும் பயன்படுத்தாதோருக்கும் இடையே மூளைக் கட்டி வரும் வாய்ப்பில் அவர்கள் வேறுபாடு காணவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்பாடு செய்து 2024இல் வெளிவந்த தொகுப்பாய்வும் மூளைப் புற்றுக்கும் செல்பேசிக்கும் தொடர்பு காணவில்லை. 2011இல் இவ்வலைகளை, 'ஒருவேளை புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது உண்மைதான். அதன் பொருள், கதவு இன்னும் தாழிடப்படவில்லை என்பதே. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்பதன்று. நம் நாட்டு அரசும் கோபுரங்களின் கதிர்வீச்சு வரம்பை 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், உலக அளவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துள்ளது.

செல்பேசியால் கண்ணும் கெடலாம், படிப்பும் கெடலாம்; அதை நம் பேராசிரியர்கள் நாள்தோறும் கூறுகிறார்கள்; நானும் மறுக்கவில்லை. ஆனால், மகளோடு பேசிய தாயின்மீது கட்டியின் பழியைச் சுமத்த அறிவியலைத் துணைக்கு அழைக்க முடியாது.

மருந்தாக வந்த தீமை

அப்படியானால் மெய்ப்பிக்கப்பட்ட காரணம் எதுவும் இல்லையா? உண்டு. அது அயனியாக்கும் கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மீது 1945இல் வீசப்பட்ட அணுகுண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்தவர்களிடையே நரம்பு உறைக் கட்டிகள் மிகுந்திருந்ததைப் பிற்காலத்தில் மருத்துவர்கள் கண்டனர். போர் என்றால் தீமை விளையும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், இக்கட்டியைப் பற்றிய பெரும் பாடத்தை உலகுக்குக் கற்றுத்தந்தது போர்க்களமன்று, குழந்தைகளின் மருத்துவமனை. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

ராண்ட்கன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தது 1895ஆம் ஆண்டு. மறு ஆண்டே, வியன்னா நகர மருத்துவர் ஒருவர் அக்கதிர் பட்டால் முடி உதிர்வதைக் கண்டார். தலையில் தோன்றும் படர்தாமரை அக்காலத்தில் குழந்தைகளைப் பெரிதும் வாட்டிய நோய். அது பூசணத்தால் வருவது. முடியின் வேருக்குள் ஒளிந்துகொள்வதால் மேலே பூசும் களிம்பு அதனிடம் செல்லாது. முடி முழுவதையும் உதிரச் செய்தால் பூசணமும் போய்விடுமல்லவா? பாரிஸ் நகரின் சபூரோ என்னும் தோல் மருத்துவர் 1904இல் எக்ஸ்கதிரால் இதைச் செய்யும் முறையை வகுத்தார். முடி உதிர்ந்தது, நோயும் தீர்ந்தது, சில மாதங்களில் முடி மீண்டும் வளர்ந்தது. வேறென்ன வேண்டும்? உலகின் பல நாடுகள் இம்முறையை ஏற்றுக்கொண்டன.

இஸ்ரேல் நாடு 1948இல் தோன்றியபோது, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் யூதக் குடும்பங்கள் பெருந்தொகையாக அங்கே குடியேறின. அக்குடும்பங்களின் குழந்தைகள் பலருக்குத் தலையில் படர்தாமரை இருந்தது. 1960 வரை ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இக்கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அக்குழந்தைகளின் மூளைக்குச் சென்ற கதிர்வீச்சின் அளவு சராசரியாக 1.5 கிரே என்று பின்னர் கணக்கிடப்பட்டது. இன்று ஒரு தலை ஸ்கேனில் செல்வதைப்போல் பல பத்து மடங்கு அது.

குழந்தைகள் வளர்ந்தனர்; மணம் புரிந்தனர்; தாங்களும் பெற்றோர் ஆயினர். யாவரும் அச்சிகிச்சையை மறந்த பின், மோடன் என்னும் ஆய்வாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்தனர். கதிர் பெற்ற 10,834 பேரை, கதிர் பெறாத அதே அளவினரோடும் உடன்பிறந்தோரோடும் ஒப்பிட்டனர். 1974இல் முதல் முடிவும், எலேன் ரான் முதலியோர் எழுதிய விரிவான முடிவு 1988இலும் வெளிவந்தன. மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு கதிர் பெற்றோருக்கு 9.5 மடங்கு. நரம்பு உறைக் கட்டி வரும் வாய்ப்பு 18.8 மடங்கு! நோய் வெளிப்பட்டதோ இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! அந்தத் தாய்மார் செய்த குற்றம் என்ன? மருத்துவர் சொன்னபடி குழந்தையை அழைத்துச் சென்றதுதான். அந்த மருத்துவர்கள் செய்த குற்றம் என்ன? அக்காலத்தின் சிறந்த நூல் கூறியபடி மருத்துவம் செய்ததுதான். தீய நோக்கம் இன்றியும் தீமை விளையக்கூடும். அத்தீமையைக் கண்டுபிடித்தது பழிசுமத்தலன்று, பதிவேடு. பதிவேடு இருந்ததால் உண்மை தெரிந்தது. உண்மை தெரிந்ததால் 1994இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. இதற்கிடையில், 1958 அளவில் கிரிசியோஃபல்வின் என்னும் விழுங்கும் மாத்திரை வந்து, அந்நோய்க்குக் கதிர்ச் சிகிச்சையின் தேவையையே ஒழித்துவிட்டது.

மடங்கும் விழுக்காடும்

9.5 மடங்கு என்று கேட்டதும் நெஞ்சம் நடுங்குகிறது. ஆனால், அதே ஆய்வு கூறும் மற்றோர் எண்ணையும் பாருங்கள். கதிர் பெற்றோருள் முப்பது ஆண்டுகளில் மூளை, நரம்புக் கட்டி தோன்றியவர் 0.8 விழுக்காட்டினர். ஆயிரம் பேரில் எட்டுப் பேர். அத்தனை கதிரைப் பெற்றும் 992 பேருக்கு அக்காலத்துக்குள் கட்டி வரவில்லை. மடங்கு, ஒரு காரணம் உண்மையா என்பதைக் காட்டும். விழுக்காடு, எவ்வளவு அஞ்சவேண்டும் என்பதைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் ஒன்று அஞ்சி ஓடுவார், அல்லது அலட்சியம் செய்வார்.

இக்கண்ணோட்டம் நம் வீட்டுப் பெண்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்னும் மருந்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியாகப் பல நாடுகளில் வழங்குகிறது. நம் நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடப்படுகிறது. 2024இல் பிரான்சு நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. மெனிஞ்சியோமாவுக்காக அறுவை செய்துகொண்ட 18,061 பெண்களை, அக்கட்டி இல்லாத 90,305 பெண்களோடு அது ஒப்பிட்டது. இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர் கட்டி இல்லாத கூட்டத்தில் 11 பேர். கட்டியுள்ள கூட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அங்கே இரண்டு பேர் இருக்கலாம் என எதிர்பார்ப்போம். இருந்தவரோ ஒன்பது பேர். ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டுக்கொள்வோருக்கு ஐந்தரை மடங்கு வாய்ப்பு என்று ஆய்வாளர் முடிவு கூறினர். ஹார்மோன் கலந்த சில கருப்பைச் சாதனங்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனத்தில் இத்தகைய மிகுதி இல்லை.

இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்துங்கள் என்று நான் முழங்கவில்லை. 18,061 பேரில் ஒன்பது பேர் என்பதை மறவாதீர்கள். அடுத்தடுத்த பேறுகளால் உடல் நலிந்த பெண்ணுக்கு அந்த ஊசி பெரிய துணை. வேண்டாத கருவும் உயிருக்கு ஆபத்தாகலாம். நான் கேட்பது ஒன்றே. ஊசி போடும் அறையில் அவளுக்கு இதைத் தமிழில் சொல்லுங்கள். முன்பே மெனிஞ்சியோமா இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால் காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழியைக் காட்டுங்கள். ஊசியின் பெயரும் போட்ட தேதியும் எழுதிய அட்டையை அவள் கையில் கொடுங்கள். நீண்டகாலம் போட்டுக்கொண்டவளுக்குத் தலைவலியோ பார்வைக் குறைவோ வந்தால், அந்த அட்டை மருத்துவருக்கு வழிகாட்டும். அறியாமல் ஏற்பதும் அறியாமல் மறுப்பதும் ஒன்றுதான். அறிந்து தேர்வதே உரிமை.

பிறவியும் உடலும்

சிலருக்கு இக்கட்டி மரபுவழி வருகிறது. இருபத்திரண்டாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு, செல்கள் அளவுமீறிப் பெருகாமல் கடிவாளம் இடுகிறது. அது பழுதுற்றால், இரு செவி நரம்புகளிலும் ஷ்வான்னோமா தோன்றும், மெனிஞ்சியோமாக்களும் தோன்றலாம். அந்த மரபணுவை 1993இல் கண்டுபிடித்தனர். இந்நிலை மிக அரிது. பாதிப்பேருக்குப் பெற்றோரிடம் அப்பழுது இருப்பதில்லை, புதிதாகவே தோன்றுகிறது. இங்கே குடும்பத்தைக் குறை கூறுவது எவ்வளவு பேதைமை! பெற்றோர் விரும்பியா குரோமோசோமைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள்?

அளவுமீறிய உடற்பருமனுக்கும் மெனிஞ்சியோமாவுக்கும் தொடர்புண்டு என்று மேற்சொன்ன பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் முடிவு கூறியது. உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதற்கு இதயமும் சர்க்கரையும் போதிய காரணங்கள். இதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், ஒல்லியான என் பெரியம்மாவுக்கும் கட்டி வந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

அறிவியல் அறிந்த காரணங்களை ஒவ்வொன்றாக அவர் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்த்தேன். சிறுவயதில் தலைக்குக் கதிர்ச் சிகிச்சை இல்லை. ஊசி போட்டுக்கொண்டதில்லை. குடும்பத்தில் எவருக்கும் இல்லை. ஆகவே அவரிடம் நான் கூறிய விடை: "நீங்க செஞ்சதால வரல பெரியம்மா." பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்றைய அறிவியல் தரும் நேர்மையான விடையும் இதுவே. செல் பிரியும்போது நேரும் ஒரு பிழை; அதற்கு நாள், கோள், பாவம், ஈரக் கூந்தல் எதுவும் பொறுப்பல்ல.

தடுக்க இயலுமா?

முற்றாகத் தடுக்க இயலாது. தடுப்பூசி இல்லை, பத்தியம் இல்லை, "மூளைக் கட்டி வராமல் காக்கும்" என்று விற்கப்படும் தைலமோ பொடியோ எதையும் நம்பவேண்டியதில்லை. ஆயினும் நம் கையில் இருப்பவை சில உண்டு.

ஒன்று, வேண்டாத கதிரைத் தவிர்த்தல். குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால், "உடனே ஸ்கேன் எடுங்கள்" என்று நாமே மருத்துவரை வற்புறுத்துகிறோம். பணம் கொடுத்து எடுக்கும் ஸ்கேனே நல்ல மருத்துவம் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. சி.டி. ஸ்கேன் எக்ஸ்கதிரால் எடுப்பது, எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தாலும் வானொலி அலையாலும் எடுப்பது, அதில் அயனியாக்கும் கதிர் இல்லை. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பதினாயிரம் பேருக்கு ஒரு தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ ஒருவருக்கு மிகையாக மூளைக் கட்டி வரலாம் என்று 2012இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு மதிப்பிட்டது. இது சிறிய எண். மண்டைக்குள் இரத்தக் கசிவு இருக்குமோ என்று மருத்துவர் ஐயுற்றால் ஒரு கணமும் தயங்காமல் எடுக்கவேண்டும். கசிவு சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். தேவையான ஸ்கேனை மறுக்காதீர்கள். தேவையற்ற ஸ்கேனைக் கேட்காதீர்கள். "இப்போதே எடுக்கவேண்டுமா, சிறிது நேரம் கவனித்துப் பார்க்கலாமா?" என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

இரண்டு, பதிவேடு. எக்ஸ்ரே, ஸ்கேன், கதிர்ச் சிகிச்சை, ஊசி ஆகியவற்றின் சீட்டுகளை ஒரு பையில் போட்டு, குடும்ப அட்டையைக் காப்பதுபோல் காக்கவேண்டும். சிறுவயதில் இரத்தப் புற்று முதலியவற்றுக்காகத் தலைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள், நலமடைந்து இருபது ஆண்டு ஆனாலும் அதை எந்த மருத்துவரிடமும் சொல்ல மறக்கக்கூடாது.

மூன்று, காலத்தில் அறிதல். கட்டி வருவதைத் தடுக்க முடியாவிட்டாலும், அது கண்ணையும் காதையும் கொண்டுபோவதைத் தடுக்கமுடியும். காலையில் எழும்போது மிகுந்து, வாந்தியோடு வரும் தலைவலி. ஒரு காதில் மட்டும் இரைச்சலும் கேளாமையும். கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை, அல்லது பக்கவாட்டுப் பார்வை சுருங்குதல். வயது வந்தபின் முதன்முறையாக வரும் வலிப்பு. காரணமின்றி மாதவிலக்கு நின்று மார்பில் பால் சுரத்தல். வளர்ந்த ஆளுக்குச் செருப்பின் அளவும் மோதிரத்தின் அளவும் கூடுதல். இவற்றுள் ஒன்று இருந்தாலே கட்டி என்று பொருளன்று. பெரும்பாலான தலைவலி கட்டியால் வருவதும் அன்று. ஆனால், மருந்துக் கடை மாத்திரையோடும் மந்திரத்தோடும் நின்றுவிடாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்று பொருள்.

நாம் செய்யத்தக்கது

இவ்வளவும் படித்து என்ன பயன் என்று கேட்கலாம். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் என்னைப்போலவே தம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் வாங்கப்போகும் பட்டம் வேலைக்கு மட்டும் உரியதன்று. நம் தெருவில் ஒருவருக்கு நோய் வந்தால், ஆங்கில அறிக்கையைப் படித்துச் சொல்லும் வாய் நம்முடையதே. அந்த வாய் செய்வினை என்று சொன்னால் அதற்கும் ஊர் தலையாட்டும். படித்தவள் சொன்னாள் என்று அதற்கு மதிப்பும் கூடும். ஆகவே நமக்குப் பொறுப்பு மிகுதி.

என் வேண்டுகோள்கள் எளியவை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை அமைக்கிறோம், மரம் நடுகிறோம். ஒருநாள் மாலை, கண் மருத்துவரின் எழுத்துப் பலகையை மாட்டி, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் படிக்கச் சொல்லிப் பார்ப்போம். ஒரு கண் மங்கியதை மறு கண் மறைத்துவிடுவதால் பலருக்குத் தெரிவதே இல்லை. மேற்சொன்ன அறிகுறிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்போம். மருத்துவமனைகள் அறிக்கையின் முடிவையேனும் இரண்டு வரி தமிழில் எழுதித் தரவேண்டும் என்று கேட்போம். தன் தலைக்குள் இருப்பது புற்றா, புற்றல்லாததா என்பதைத் தன் மொழியில் அறிய நோயாளிக்கு உரிமை இல்லையா?

காரணம் தெரிந்த இடத்தில் அதை அஞ்சாமல் சொல்வோம். அது மருத்துவமனையின் இயந்திரமாயினும், அரசு தரும் ஊசியாயினும் சரி. காரணம் இல்லாத இடத்தில் நாவை அடக்குவோம். நோயுற்றவரின் படுக்கையருகே அமர்ந்து, "எதனால் வந்தது?" என்று கேட்பதை விடுத்து, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கப் பழகுவோம். தலைக்குள் வளரும் கட்டியை எடுக்க அறுவை மருத்துவர் இருக்கிறார். பழிச்சொல்லால் நெஞ்சுக்குள் வளரும் கட்டியை எடுக்க எந்த மருத்துவமனையிலும் ஆள் இல்லை. அது வளராமல் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.